கால் எட்டவில்லையா? முதலில் அளவெடுப்போம்!

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



என் உயரம் 5 அடி 2 அங்குலம். வகுப்பில் முதல் பெஞ்ச், குரூப் போட்டோவில் முதல் வரிசை, லேபில் மேல் தட்டை எட்ட வேண்டுமானால் ஸ்டூல். இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஆனால் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது கால் தரையைத் தேடும் அந்த ஒரு விநாடி இருக்கிறதே, அது மட்டும் பழகவே இல்லை. இந்தக் கஷ்டம் எனக்கு மட்டுமல்ல என்பது, சாயங்காலம் நம் சைக்கிள் ஷெட்டில் வண்டி எடுக்கும் நண்பர்களைப் பார்த்தாலே புரியும். வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான். நான் ஒரு முறை விழுந்து, ஒரு முறை தப்பாகச் சரிசெய்து, பிறகு ஒழுங்காகச் செய்த வேலையை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. சீட் உயரம் 805 மி.மீ., எடை 195 கிலோ. அப்பா 5 அடி 9 அங்குலம். எனக்கு அம்மா வாகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓரமாக நிறுத்தி இடது காலை ஊன்றினேன். தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் இடம். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. அம்மா புடவையோடு ஒரு பக்கமாக, இடது பக்கம் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி மெல்லத்தான் சாய்ந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகி, ஒரு மாதம் கட்டு. கீழே கிடந்தபடியே, "உனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுவாரமே ஒரு பட்டறைக்குப் போய், "வண்டிய கொஞ்சம் இறக்கிக் குடுங்கண்ணே" என்றேன். "ரெண்டு மணி நேர வேலை தம்பி" என்று பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, 25 மி.மீ. நீளம் குறைந்த ஜோடியை மாட்டினார்கள். நான் எதையும் அளக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. பத்து நாளில் பலன் தெரிந்தது. வீட்டு வாசல் சரிவில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டி வலது பக்கம் கவிழ்ந்தது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட்டை டிம் செய்யச் சொல்லிக் கத்தினார்கள். அப்பா பின்னால் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கியபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், மட்கார்டின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனை டயரில் கோடு கிழித்திருந்தது.

நம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்ளோ கொறைக்கணும்னு அளந்தியா?"

"இல்ல சார்."

"டிராயிங் இல்லாம லேத்துல ஜாப் மாட்டுவியாடா நீ?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

விழுவது ஏன்?

கொஞ்சம் அப்ளைடு மெக்கானிக்ஸ் பார்ப்போமா? நேராக நிற்கும் வண்டியின் எடை டயர் வழியே தரைக்குப் போய்விடுகிறது. நாம் தாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாயச் சாயத்தான் திருப்புவிசை வருகிறது. 195 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தாங்குகிறோம். சாய்வு 5 டிகிரி என்றால் கை தாங்கும் பாரம் சுமார் 8.5 கிலோ. 10 டிகிரியில் 17 கிலோ. 20 டிகிரியில் 33 கிலோ. இதில் பின்னால் இருப்பவர் எடை சேரவில்லை.

இப்போது என் காலுக்கு வருவோம். டயரிலிருந்து பக்கவாட்டில் 300 மி.மீ. தள்ளிக் கால் வைக்கிறேன். சமதரையில் விரல் நுனி எட்டுகிறது. அந்த இடத்தில் தரை 50 மி.மீ. பள்ளமாக இருந்தால், கால் படுவதற்குள் வண்டி எவ்வளவு சாயும்? 50-ஐ 300-ஆல் வகுத்துக் கோணம் பாருங்கள்: 9.5 டிகிரி. அதாவது கால் தரையில் படும்போதே கையில் 16 கிலோ வந்துவிட்டது. அதோடு ஒரு பக்கமாக உட்கார்ந்த அம்மாவின் எடையும் அதே பக்கம். எனக்குப் பலம் போதாமல் போனது அதனால்தான். விரல் நுனியை வைத்துக்கொண்டு அந்தப் பாரத்தைத் தள்ள முடியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே நாம் வழக்கமாக ஊன்றும் இடது காலுக்குத்தான் எப்போதும் தரை தூரம்!

எடையும் கணக்கில் சேரும். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் சீட் உயரம் 785 மி.மீ., ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-க்கு 790. வித்தியாசம் 5 மி.மீ.தான். ஆனால் ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஹண்டர் 181 கிலோ. ஒரே அளவு சாய்ந்தாலும் தாங்குவது வேறு வேறு. கேட்லாக்கில் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள்.

எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

ஒன்று: உங்கள் கால். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே வரை இறுக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உள்கால் நீளம். எனக்கு 720 மி.மீ. ஷூ அடிப்பாகம் 20 சேர்த்து 740.

இரண்டு: நீங்கள் உட்கார்ந்த பிறகு சீட்டின் உயரம். கம்பெனி சொல்லும் 805 என்பது ஆளில்லாத உயரம். உட்கார்ந்ததும் ஷாக்கும் ஃபோர்க்கும் கொஞ்சம் அமுங்கும். வண்டியை நேராகப் பிடிக்க ஒருவர், டேப் பிடிக்க ஒருவர், உட்கார நீங்கள் என்று மூன்று பேர் வேண்டும். எனக்கு 790 வந்தது.

மூன்று: கால் விரியும் அகலம். எல்லோரும் மறப்பது இதைத்தான். சீட் அகலமாக இருந்தால் கால் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கும். பித்தாகரஸ் போடுங்கள். 740 மி.மீ. கால், பக்கவாட்டில் 200 மி.மீ. விலகினால் செங்குத்தாக எட்டுவது 712 மட்டுமே. விலகல் 150 ஆகக் குறைந்தால் 725. சீட்டின் உயரத்தைத் தொடாமல் முன்பக்கத்து அகலத்தை மட்டும் செதுக்கினாலே 12, 13 மி.மீ. லாபம்!

என் கணக்கு: 790-இல் 712 போக 78. குதிகால் தரையிலிருந்து 78 மி.மீ. மேலே நிற்கிறது. அதாவது வெறும் விரல் நுனி. முழுப் பாதமும் பதிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அது தேவையில்லை என்றார் சார். முன்பாதம் உறுதியாகப் பதிந்தாலே போதும். அதற்குக் குதிகால் இடைவெளியை 30, 35-க்குக் கொண்டுவந்தால் சரி. ஆக, எனக்கு வேண்டியது 45 மி.மீ. இதுதான் என் டிராயிங்!

முதல் படி: ஸ்பேனர் மட்டும்

பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை அது தீர்மானிக்கும். எங்கள் வண்டியில் 6 படிகள். அப்பா அரிசி மூட்டை ஏற்றுவதற்காக ஐந்தாம் படியில் வைத்திருந்தார். நான் 54 கிலோ. எனக்கு எதற்கு ஐந்தாம் படி? சி-ஸ்பேனரால் இரண்டு பக்கமும் இரண்டாம் படிக்கு இறக்கினேன். உட்கார்ந்து அளந்தால் 790 இருந்தது 782 ஆனது. செலவு பூஜ்யம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. இடதும் வலதும் ஒரே படியில் இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏற்றினால் மறுபடி படியை உயர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் பள்ளத்தில் ஷாக் முட்டிவிடும். ஆள் மட்டும் உட்கார்ந்தபோது, பின்சக்கரம் மொத்தம் ஏறி இறங்கும் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்கினால் சரியான அளவு என்பது பொதுக்கணக்கு. அதைத் தாண்டி லூசாக விடாதீர்கள்.

இரண்டாம் படி: சீட்டின் ஃபோம்

வண்டியின் மற்ற எந்த அளவையும் கெடுக்காமல் உயரத்தை மட்டும் குறைக்கும் வழி இது ஒன்றுதான். ஃபோர்க் கோணம், லைட், ஸ்டாண்டு, செயின் எதுவும் மாறாது. அதனால்தான் இதை முதலில் செய்திருக்க வேண்டும். நான் செய்தது தலைகீழ்.

ஒரிஜினல் சீட்டை வெட்டாதீர்கள். பழைய சாமான் கடையில் அதே மாடல் சீட் ஒன்று தேடி வாங்குங்கள். வேலை பிசகினாலோ வண்டியை விற்றாலோ ஒரிஜினல் கையில் இருக்கும். எங்கள் வண்டியில் ஓட்டுபவர் சீட்டும் பின் சீட்டும் தனித்தனி என்பதால் அப்பாவும் நானும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்கிறோம். நாலு போல்ட் வேலை.

செய்முறை இதோ:

1. சீட்டைக் கவிழ்த்து, உறையைப் பிடித்திருக்கும் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து உறையை உரியுங்கள்.

2. சீட்டை வண்டியில் வைத்து உட்கார்ந்து, உட்காரும் எலும்பு படும் இடத்தையும் தொடை உரசும் விளிம்பையும் மார்க்கரால் குறியுங்கள். வெட்ட வேண்டியது அந்த இரண்டை மட்டும்.

3. ஒரு முள்ளையோ மெல்லிய கம்பியையோ குத்திப் பார்த்து ஃபோமின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். வெட்டிய பிறகு மிகத் தாழ்ந்த இடத்திலும் 40 மி.மீ. மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே போனால் அடித்தட்டு உறுத்தும்.

4. ஹேக்சா பிளேடால் மெல்லிய சீவல்களாக எடுங்கள். ஒரே வெட்டில் எடுக்க நினைத்தால் பள்ளம் விழும். பிறகு எமரித் தாளால் தேயுங்கள். மேலே 25 மி.மீ. எடுத்தால், முன்பக்க விளிம்புகளில் அதைவிடத் தாராளமாகச் சரித்து எடுங்கள். பித்தாகரஸ் லாபம் அங்கேதான்.

5. கிண்ணம் மாதிரி குழிக்காதீர்கள். முன்பக்கம் சரிவாகவும் விடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் முட்டுவீர்கள்.

6. எடுத்த ஃபோமுக்கு ஈடாக, உட்காரும் இடத்தில் கெட்டியான ஃபோம் ஒரு மெல்லிய அடுக்கு ஒட்டினால் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் வலிக்காது. அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வெட்டுங்கள். மேலே பாலிதீன் தாள் விரித்து உறை போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

உறை தைக்கிற வேலையைச் சீட் கவர் கடையில் கொடுத்துவிட்டேன். அந்த வேலை நமக்கு வராது! கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அடித்தட்டு தட்டுப்படவில்லை என்று உறுதி செய்த பிறகே தைக்கக் கொடுத்தேன்.

கணக்கு முடிந்ததா பார்ப்போம். 782-இல் 25 போக 757. கால் எட்டுவது 725. குதிகால் இடைவெளி 78 இருந்தது இப்போது 32. ஷாக்கையே தொடாமல் வேலை முடிந்தது. பட்டறையில் மாட்டிய குட்டை ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன்.

மூன்றாம் படி: ஷாக்கை மாற்றினால்...

அப்படியும் போதாதவர்கள் ஷாக்கைக் குறைக்கலாம். ஆனால் என்னென்ன மாறும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

ஸ்விங் ஆர்ம் ஒரு நெம்புகோல். பிவட்டிலிருந்து ஷாக் 400 மி.மீ. தூரத்திலும் அச்சு 480 மி.மீ. தூரத்திலும் இருந்தால், ஷாக் 25 குறையும்போது சக்கரத்தில் 30 மாறும். வண்டியின் பின்பாகம் 30 இறங்குகிறது. ஆனால் நாம் பின் அச்சுக்கு மேலே உட்காரவில்லை, கொஞ்சம் முன்னால் உட்காருகிறோம். ஆகவே சீட்டில் கிடைப்பது 22 மி.மீ. அளவுதான். இந்த 22-க்காக நான் கொடுத்த விலையைப் பாருங்கள்:

லைட்: வீல் பேஸ் 1390 மி.மீ. பின்னால் 30 இறங்கினால் வண்டி முழுதும் 1.24 டிகிரி அண்ணாந்துவிடும். 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 54 செ.மீ. மேலே போகிறது. எதிரே வந்தவர்கள் கத்தியதில் தப்பே இல்லை.

ஸ்டியரிங்: ஃபோர்க்கும் அதே 1.24 டிகிரி பின்னால் சாய்கிறது. டிரெயில் கூடி, வண்டி திரும்ப மந்தமாகிறது. இதைச் சமன் செய்யச் சிலர் முன் ஃபோர்க்கைக் கிளாம்ப்பில் சற்று மேலே தள்ளுவார்கள். எங்கள் வண்டியில் ஃபோர்க்கின் தலை ஹெட்லைட் கூட்டுக்குள் போய்விடுவதால் அதற்கு இடமில்லை.

சைடு ஸ்டாண்டு: ஸ்டாண்டின் பாதம் டயர் கோட்டிலிருந்து 250 மி.மீ. தள்ளி ஊன்றுகிறது, வண்டி 11 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வைப்போம். ஸ்டாண்டு இருக்கும் இடம் 16 மி.மீ. இறங்கினால் சாய்வு 7 டிகிரிதான். வாசல் சரிவு மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டது. வண்டி வலது பக்கம் கவிழாமல் என்ன செய்யும்?

டயர்: ஷாக்கின் நீளம் மட்டும் குறைந்து, அது அமுங்கும் தூரம் குறையாவிட்டால், முழுதாக அமுங்கும்போது டயர் முன்பைவிட 30 மி.மீ. மேலே போகும். மட்கார்டில் இடிக்கும். இதுதான் உயிருக்கு ஆபத்தானது.

செயின்: முன் ஸ்பிராக்கெட், பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாகும். தொங்கி நின்ற ஸ்விங் ஆர்ம் மட்டத்துக்கு நெருங்கினால், பழைய தளர்வு பொய்யாகிவிடும். மறுபடி அளந்து வைக்க வேண்டும்.

இதோடு தரைக்கும் இன்ஜினுக்கும் உள்ள இடைவெளியும் குறைகிறது. நம் ஊர் வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம்.

செய்யவே கூடாதவை

ஸ்பிரிங்கின் சுருளை வெட்டாதீர்கள். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகாது, விறைப்பு கூடும். வெட்டிய முனையும் தட்டில் சரியாக உட்காராது. சூடேற்றி அமுக்கினால் அதன் டெம்பரே போய்விடும். மெட்டலர்ஜி படித்த நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டகத்தை வெட்டி வெல்டிங் வைக்காதீர்கள். பின்னால் இருப்பவரின் கைப்பிடியையும் கால்மிதியையும் கழற்றாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதிப்படி அவை கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே ஃபோமைத் தாண்டிக் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இனி வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தாழ்வான சீட் உள்ள வண்டிகளும் இருக்கின்றன. பஜாஜ் அவெஞ்சரின் சீட் 737 மி.மீ.தான். 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் சீட்டை 825, 845 என்று இரண்டு உயரத்தில் மாற்றி வைக்கவே வசதி உண்டு. சீட் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றுவது கம்பெனிகளே ஒப்புக்கொண்ட சங்கதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, கால் ஊன்றும் பழக்கம்

நிறுத்திய பிறகு தரையைத் தேடக் கூடாது. நிறுத்தும் முன்பே பார்த்துவிட வேண்டும். தார் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நில்லுங்கள். ஊன்றப்போகும் பக்கம் இடுப்பைச் சற்று நகர்த்தினால் அந்தக் கால் இன்னும் எட்டும். மற்றக் கால் மிதியிலேயே இருக்கட்டும். ஓரம் மிகவும் தாழ்ந்திருந்தால் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றுங்கள். பின்னால் உட்காருபவரிடம், "நான் சொல்ற வரைக்கும் ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம்" என்று சொல்லிவிடுங்கள்.

சீட் வேலை முடிந்ததும் இரண்டு வாரம் தனியாகவே ஓட்டினேன். நிறுத்தி, நிறுத்தி, நிறுத்திப் பழகினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாக்கை நாலாம் படிக்கு உயர்த்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று வண்டியையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எட்டுதா?"

"எட்டுதும்மா. அளந்துட்டேன்."

ஏறி உட்கார்ந்தார்கள். அதே ரயில்வே கேட். அன்றைக்கும் மூடித்தான் இருந்தது. ஓரத்துக்குப் போகாமல், ரோட்டின் நல்ல இடம் பார்த்து நிறுத்தினேன். முன்பாதம் பதிந்தது. ரயில் போகும்வரை வண்டி அசையவில்லை.

நண்பர்களே, உயரம் குறைவு என்பது ஒரு குறையே அல்ல. அது ஒரு அளவு. அளவு என்றால் நமக்கு என்ன பயம்? டேப்பை எடுங்கள்!